ஸ்மார்ட் மீற்றர்: பயப்பட வேண்டியது எதுக்கு?



லண்டனில் எந்தத் தமிழ்க் குடும்பத்தின் வட்ஸ்அப் குழுவைத் திறந்தாலும் இப்படி ஒரு செய்தி ஒரு தடவையாவது வந்திருக்கும்: "வீட்டில ஸ்மார்ட் மீற்றர் பூட்ட விடாதேங்கோ. அதில இருந்து கதிர்வீச்சு வருது. நித்திரை வராது, தலையிடி வரும், கடைசியில கான்சர்." கூடவே ஒரு யூடியூப் வீடியோ. எங்கட தலைமுறை இதுக்கு ரெண்டு விதமாத்தான் பதில் சொல்லுது. ஒண்டு, சிரிச்சுப்போட்டு அடுத்த செய்திக்குப் போறது. மற்றது, "கம்பனிக்காரனை நம்பேலாதுதானே" எண்டு அதையே இன்னும் நாலு குழுவுக்கு அனுப்பிவிடுறது.

ரெண்டும் பிழை எண்டு நான் நினைக்கிறன். ஸ்மார்ட் மீற்றரால் உடல்நலத்துக்குக் கேடு வரலாம், வந்தும் இருக்கு. ஆனால் அந்தக் கேடு வாற வழி றேடியோ அலை இல்லை. பிரித்தானியாவில் ஒரு எரிசக்திக் கம்பனி தன் அலுவலகத்தில் இருந்தபடியே உங்கட வீட்டு மீற்றரை 'முதலில் காசு, பிறகுதான் கறண்ட்' என்ற முறைக்கு மாற்றிவிடலாம். இடதுசாரிகளான நாங்கள் பேச வேண்டிய சுகாதாரப் பிரச்சினை அதுதான்.

முதலில் அலையைப் பற்றி

கதிர்வீச்சு என்ற சொல்லை எங்கட அம்மாமார் எங்கே கேட்டிருப்பினம்? செர்னோபில் செய்தியில், கூடங்குளம் போராட்டத்தில், புற்றுநோய் வார்டில. அதே சொல்லை வைஃபைக்கும் மீற்றருக்கும் போட்டால் பயம் வராமல் என்ன செய்யும்? அணு உலையில் இருந்தும் எக்ஸ்ரேயில் இருந்தும் வருவது உடலின் மரபணுவை உடைக்கக்கூடிய சக்தி கொண்டது. றேடியோ அலைக்கு அந்தச் சக்தி இல்லை. அது மிக அதிகமாக இருந்தால் உடலைச் சூடாக்கும். பாதுகாப்பு வரம்புகள் முக்கியமாக அதை வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கு.

மீற்றர் செய்வது ரெண்டு வேலை. வீட்டுக்குள் இருக்கிற சின்னத் திரைப் பெட்டியோடு பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸில் பேசும், வைஃபை பயன்படுத்துற அதே அலைவரிசை. வெளியே கணக்கை அனுப்ப, தெற்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கைபேசி வலையமைப்பைப் பயன்படுத்தும். வட இங்கிலாந்திலும் ஸ்கொட்லாந்திலும் அதுக்கெண்டு தனி றேடியோ வலையமைப்பு இருக்கு. இது இரவு பகலா ஓயாமல் அனுப்புவதும் இல்லை. விட்டு விட்டு, சிறு துளிகளாகத்தான் போகும். தூரம் ரெண்டு மடங்கானால் அலையின் வலு கால்வாசியாகக் குறையும். படிக்குக் கீழ் அலுமாரிக்குள் இருக்கிற மீற்றரையும், மணிக்கணக்கா காதில் வச்சிருக்கிற போனையும் இப்ப நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கோ. இங்கத்தைய பொதுச் சுகாதார அமைப்பு அளந்து பார்த்துச் சொன்னதும் இதுதான்: சர்வதேச வரம்பை விட மிகக் குறைவு, கைபேசியை விடவும் குறைவு.

"உலக சுகாதார நிறுவனமே கான்சர் வரலாம் எண்டு சொல்லியிருக்கே" என்று கேட்பினம். 2011 மே மாதம் அதன் புற்றுநோய் ஆய்வு முகமை றேடியோ அலைகளை '2பி' என்ற பிரிவில் போட்டது உண்மை. அதுக்கு முக்கிய காரணம், கைபேசியை மிக அதிகம் பயன்படுத்தினவர்களிடம் மூளைக் கட்டி பற்றிக் கிடைத்த மட்டுப்படுத்தப்பட்ட சான்று. அதே 2பி பிரிவில் கற்றாழை முழு இலைச் சாறும், ஆசிய முறையில் ஊறவைத்த மரக்கறியும் இருக்கு. அந்தப் பட்டியல் சான்று எவ்வளவு வலுவானது என்பதைச் சொல்லுது. ஆபத்து எவ்வளவு பெரியது என்பதை அது சொல்லாது.

அப்ப அந்தத் தலையிடி பொய்யோ? இல்லை. 2005இல் உலக சுகாதார நிறுவனம் இதைத் தெளிவாகச் சொன்னது: அறிகுறிகள் உண்மையானவை, சிலரை முடக்கும் அளவுக்குக் கடுமையானவை. ஆனால் மின்காந்த அலைதான் காரணம் என்பதுக்கு ஆதாரம் இல்லை. 2006இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள், போன் அலை தங்களைத் தாக்குது எண்டு சொன்ன 60 பேரையும் அப்படிச் சொல்லாத 60 பேரையும் வச்சுச் சோதித்தார்கள். அலை எப்ப இருக்கு, எப்ப இல்லை எண்டு ஒருவருக்கும் தெரியாது. பாதிக்கப்பட்டவர்களுக்கு அலை இருந்தபோதும் தலையிடி வந்தது, இல்லாதபோதும் அதே அளவுக்கு வந்தது. 2013இல் வெளியான இன்னொரு ஆய்வில், வைஃபை ஆபத்து பற்றிய பிபிசி நிகழ்ச்சியைச் சிலருக்குப் போட்டுக் காட்டினார்கள். பிறகு வைஃபை அலை படுகுது எண்டு சொல்லி, உண்மையில் எந்த அலையும் இல்லாமல் இருக்க வைத்தார்கள். நிகழ்ச்சியைப் பார்த்தவர்களில், முதலே பதற்றம் கூடினவர்களுக்கு அறிகுறிகள் அதிகமாக வந்தன.

இதை யோசியுங்கோ. "எதுக்கும் பாதுகாப்புக்கு அனுப்பி வைப்பம்" எண்டு நாங்கள் அனுப்புற வீடியோவே ஒரு வயசான ஆளுக்கு வருத்தத்தைக் கொடுக்கலாம்.

ஒரு தோழர் என்னிடம் கேட்டார், "புகையிலைக் கம்பனியும் அஸ்பெஸ்ரஸ் கம்பனியும் இப்படித்தானே ஆபத்தில்லை எண்டு சொன்னவை?" நியாயமான கேள்வி. பிரித்தானியாவில் தொழிற்சாலை ஆய்வாளராக இருந்த பெண்கள் அஸ்பெஸ்ரஸ் தூசியின் கேட்டை 1898இலேயே எழுதி வைத்தார்கள். முழுத் தடை வந்தது 1999இல். இடையில் செத்தது தொழிலாளர்கள். ஆனால் அந்த நூறு வருசமும் சான்று கூடிக்கொண்டே போனது. மறைத்தது கம்பனி, வெளியே கொண்டுவந்தது ஆய்வாளர்களும் தொழிற்சங்கங்களும். மீற்றர் அலை விசயத்தில் அப்படிச் சான்று கூடி வரேல்லை. கம்பனியைச் சந்தேகிப்பது சரி, அந்தச் சந்தேகத்தில் இருந்துதான் தேடத் தொடங்க வேணும். தேடிப் பார்த்த பிறகு கிடைக்கிற விடையையும் ஏற்கத் தெரிய வேணும்.

இப்ப சுவிட்ச்சைப் பற்றி

இந்த நாட்டில் காஸ் 1986இல் தனியாருக்கு விற்கப்பட்டது, மின்சாரம் 1990இல். பில் கட்ட ஏலாத வீட்டுக்குக் கம்பனி டொப்-அப் மீற்றர் பூட்ட வேணுமெண்டால், முந்தி நீதிமன்ற ஆணை எடுத்து ஆளை அனுப்ப வேண்டும். அந்த ஆணை எப்படிக் கிடைத்தது தெரியுமோ? வட இங்கிலாந்தில் ஒரு நீதிமன்றம் 496 ஆணைகளை 3 நிமிடம் 51 செக்கனில் வழங்கியதை 2022 டிசம்பரில் 'ஐ' பத்திரிகை வெளியிட்டது. 2023 பெப்ரவரியில் பிரிட்டிஷ் காஸுக்காக வேலை செய்தவர்கள் நலிந்தவர்களின் வீடுகளுக்குள் பூட்டை உடைத்துப் புகுந்ததை 'தி டைம்ஸ்' அம்பலப்படுத்தியது. நாடே கொதிச்சது. கட்டாயமாகப் பூட்டுவதைக் கொஞ்சக் காலம் நிறுத்தவும் வேண்டி வந்தது.

பூட்டை உடைப்பது கமராவில் விழும். ஸ்மார்ட் மீற்றரில் உடைக்க எதுவும் இல்லை. ஆணை வேண்டாம், ஆள் வேண்டாம், கதவு தட்டத் தேவையில்லை. கணினியில் ஒரு கட்டளை. மீற்றர் அதே இடத்தில்தான் இருக்கும், ஆனால் இனிக் காசு முடிஞ்சால் கறண்டும் முடிஞ்சது.

2022இல் நீதிமன்ற ஆணையோடு பூட்டப்பட்டவை 94,000க்கு மேல். அதே வருசம் பில் கட்ட ஏலாமல் டொப்-அப்புக்குத் தள்ளப்பட்டவர்கள் சுமார் 600,000 பேர் என்பது சிற்றிசன்ஸ் அட்வைஸ் அமைப்பின் மதிப்பீடு. ரெண்டும் ஒரே அளவுகோலில் எடுத்த கணக்கில்லை. ஆனாலும் இடைவெளியைப் பாருங்கோ. பெரும்பாலானவர்களின் வாசலுக்கு எந்த நீதவானின் கடுதாசியும் வரேல்லை. டொப்-அப் போடக் காசில்லாமல் அந்த வருசம் ஒரு தடவையாவது இருட்டில் அல்லது குளிரில் இருந்தவர்கள் 32 லட்சம் பேர் என்றும் அதே அமைப்பு சொன்னது.

இதுக்கு இந்தத் துறை வச்சிருக்கிற பெயரைத் தமிழில் சொன்னால் 'தானே துண்டித்துக்கொள்ளல்'. கம்பனி துண்டிக்கேல்லையாம், நீங்களே உங்கட கறண்டைத் துண்டிச்சிட்டீங்களாம். கடனுக்காகக் கம்பனி நேரடியாகத் துண்டித்த வீடுகளின் கணக்கைப் பார்த்தால் வருசத்துக்கு மிகச் சிலதான். ஏனெண்டால் மற்றவர்களெல்லாம் 'தாங்களே' துண்டிச்சவர்கள்!

கடை வச்சிருக்கிற எங்கட ஆக்களுக்கு இது புதுசில்லை. மீற்றர்ச் சாவியோட வந்து அஞ்சு பவுண்ஸுக்கு மட்டும் டொப்-அப் போட்டுக்கொண்டு போறவர்களை அவையள் ஒவ்வொரு குளிர்காலமும் பார்க்கினம். அந்த வரிசையில் எங்கட ஆக்களும் நிக்கினம்.

குளிர் உடலுக்கு என்ன செய்யும் என்பதில் சர்ச்சை இல்லை. வீட்டுக்குள் குறைந்தது 18 பாகை வேணும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2018 வழிகாட்டல். குளிர்கால மேலதிக மரணங்களில் 21.5 சதவீதம் மிகக் குளிரான கால்வாசி வீடுகளோடு தொடர்புபட்டவை என்று மைக்கல் மார்மொட் குழுவின் 2011 அறிக்கை கணித்தது. அதோட ஈரச் சுவரின் பூஞ்சை, பிள்ளைகளின் ஆஸ்துமா. நீரிழிவு எங்கட சமூகத்தில் எவ்வளவு அதிகம் எண்டு உங்களுக்குத் தெரியும். பிரிட்ஜ் நிண்டால் உள்ளே இருக்கிற இன்சுலினுக்கு என்ன நடக்கும்? நெபுலைசர் போடுற பிள்ளைக்கு என்ன நடக்கும்?

என் சிநேகிதியின் அம்மா கிழக்கு லண்டனில் இருக்கிறா. மீற்றர் பூட்டின நாளில் இருந்து தனக்கு நித்திரை இல்லை, தலையிடி எண்டு சொன்னா. நான் அலையைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை, "அன்ரி, இப்ப வீட்டில எப்படி இருக்கிறனீங்கள்?" எண்டு கேட்டன். ஹீற்றர் போடுறதில்லை, கோட்டோடதான் இருக்கிறா. சின்னத் திரைப் பெட்டி ரிவிக்குப் பக்கத்தில். "பிள்ளை, அதில காசு ஓடுறதைப் பார்த்தாலே நெஞ்சு படபடக்குது. சிவப்பு லைட் வந்தா எழும்பி ஒவ்வொண்டா நூத்துவன்."

அந்த மீற்றர் அன்ரியை வருத்துது என்பது உண்மை. "கதிர்வீச்சு இல்லை அன்ரி" எண்டு பாடம் எடுத்துப்போட்டு வந்தால் அவவின் குளிர் அப்படியே இருக்கும். "ஓம், கதிர்வீச்சுத்தான்" எண்டு தலையாட்டினால் அவ மீற்றரைச் சுற்றி ஈயத்தாள் கட்டுவா, பில் அப்படியே இருக்கும். 2020இல் இந்த நாட்டில் 5ஜி கோபுரங்களுக்கு நெருப்பு வைத்தார்கள். எரிஞ்சது கோபுரம். கம்பனிகளின் லாபத்தில ஒரு பென்ஸும் குறையேல்லை. மக்களின் கோபத்தை நாங்கள் கேட்காமல் விட்டால் வலதுசாரிகள் கேட்பினம். அலையில் தொடங்குற அந்தப் பேச்சு எந்தெந்த மனிதர்களுக்கு எதிராக முடியும் எண்டு குடியேறிகளின் பிள்ளைகளான எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

நாங்கள் செய்யக்கூடியது

2023 போராட்டமும் அம்பலப்படுத்தலும் வீண்போகேல்லை. அந்த வருசம் நவம்பரில் இருந்து விதிகள் இறுகியிருக்கு. கட்டாயமாக டொப்-அப்புக்கு மாற்ற முதல் குறைந்தது 10 தடவை தொடர்புகொள்ள வேணும், வீட்டுக்கு வந்து பார்க்க வேணும். வேற ஆதரவு இல்லாமல் வீட்டில் இருக்கிற 75 வயதுக்கு மேற்பட்டவர்கள், 2 வயதுக்குக் குறைந்த பிள்ளை உள்ள வீடுகள், மருத்துவக் காரணத்தால் தொடர்ந்து கறண்ட் தேவைப்படுபவர்கள் ஆகியோரை மாற்றக் கூடாது. தூரத்தில் இருந்து மாற்றுவதுக்கும் இதே விதிகள்தான். ஆனால் அப்படி மாற்றுவது முற்றாகத் தடை செய்யப்படேல்லை. விதி காகிதத்தில் இருக்கு, அதைத் தமிழில் சொல்ல ஆள் இல்லை.

அதனால் இந்தக் குளிர்காலத்துக்கு முதல் நாலு வேலை:

வீட்டில் முதியவர், கைக்குழந்தை, நோயாளி இருந்தால் கம்பனிக்கு அழைத்து 'பிரயோரிட்டி சேர்விசஸ் ரெஜிஸ்டர்' என்ற பெயரையே சொல்லிப் பதியுங்கோ. இலவசம்.

டொப்-அப் முடிஞ்சு போட ஏலாமல் இருக்கிறவர்கள் 'அடிஷனல் சப்போர்ட் கிரெடிட்' என்று கேட்கலாம். கேட்காமல் தரமாட்டினம்.

ஸ்மார்ட் மீற்றரை வேண்டாம் எண்டு சொல்லும் உரிமை உங்களுக்கு இருக்கு. வச்சிருந்தால், நாளொருக்கா, அரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா என எப்படித் தரவு எடுப்பது என்பதைக் கேட்டு மாற்றலாம்.

கம்பனியின் கடிதத்தை அம்மா அலுமாரிக்குள் வைக்க முதல் வாங்கி வாசியுங்கோ. அந்த 10 தடவைத் தொடர்பும் ஆங்கிலத்தில்தான் வரும்.

கோரிக்கையும் தெளிவாக இருக்கட்டும். தூரத்தில் இருந்து டொப்-அப்புக்கு மாற்றும் அதிகாரம் கம்பனிகளிடம் இருக்கக் கூடாது. கறண்டும் காஸும் பொதுவுடைமைக்கு வர வேணும்.

நான் இந்தத் தொழில்நுட்பத்துக்கு எதிரி இல்லை. காற்றிலும் வெயிலிலும் ஓடுற மின்வலைக்கு இப்படியான மீற்றர் தேவை. ஒரு வீட்டில் மூண்டு நாளா கறண்டே ஓடேல்லை என்பது அதுக்குத் தெரியும். அந்தச் செய்தி கடன் வசூலிப்பவரின் மேசைக்குப் போகுதோ, கவுன்சிலின் சுகாதார ஊழியரிடம் போகுதோ என்பதுதான் அரசியல். அடுத்த தடவை அந்த வீடியோ உங்கட குடும்பக் குழுவுக்கு வந்தால், சிரிக்காமல் அனுப்பினவவுக்கு ஒரு போன் போட்டு, வீட்டில ஹீற்றர் போட்டிருக்கோ எண்டு கேளுங்கோ.