தவணை பாக்கி இருக்கலாம், தலைகுனிவு வேண்டாம்



திருப்பூரில் சனிக்கிழமை மாலைக்குத் தனிக் களை உண்டு. வாரச் சம்பளம் கைக்கு வரும் நேரம் அது. மளிகைக் கடைப் பாக்கி அடையும், வாடகைக்குக் கொஞ்சம் ஒதுங்கும், மிச்சத்தில் குழு லோன் தவணைக்கு எடுத்து வைப்பார்கள். ஓவர்லாக் டெய்லர் முதல் செக்கிங், பேக்கிங் வரை வேலை பார்க்கும் பெண்களில் எத்தனையோ பேர் வீட்டில் ஒரு குழு லோன் அட்டையாவது இருக்கிறது. பிள்ளையின் ஸ்கூல் பீஸ், மாமியாருக்கு ஆபரேஷன், வீட்டுக்கு அட்வான்ஸ் என்று ஒவ்வொரு அட்டைக்கும் ஒரு காரணம் உண்டு.

ஒன்றரை ஷிப்ட் ஓடும்வரை கணக்கும் ஓடும். ஆர்டர் குறைந்தால் தடுமாறும். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியப் பொருட்கள் மீதான வரியை அமெரிக்கா 50 சதவீதமாக ஏற்றியபோது நடந்தது அதுதான். ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய்க்குப் பின்னலாடை ஏற்றுமதி செய்யும் ஊர் இது. அமெரிக்க ஆர்டரை நம்பியிருந்த யூனிட்களில் ஷிப்ட் குறைந்தது, சம்பளக் கவர் மெலிந்தது. தவணைத் தொகை மட்டும் ஒரு ரூபாய்கூடக் குறையவில்லை.

குழு லோன் வசூலுக்காகக் கூடும் சென்டர் மீட்டிங்கில் அப்போது என்ன நடக்கும் என்பது லைன் வீடுகளில் குடியிருப்பவர்களுக்குத் தெரியும். பத்துப் பேரில் ஒருவர் கையில் பணம் இல்லை. வசூலுக்கு வந்தவர் கையிலிருக்கும் டேபை மூடாமல் உட்கார்ந்திருக்கிறார். மொத்தத் தொகையும் வராமல் யாரும் எழுந்து போகக் கூடாது என்கிறார். மற்ற ஒன்பது பேருக்கும் கம்பெனிக்கு நேரமாகிறது. பிடித்து வைத்தவர் மேல் வர வேண்டிய கோபம், கட்ட முடியாமல் நிற்கும் பெண் மேல் திரும்புகிறது. "உன்னாலதான் எங்களுக்கும் கெட்ட பேரு" என்று பக்கத்து வீட்டு அக்காவே சொல்லிவிடுகிறார். மிரட்டி வசூலிப்பவர்களின் பலமே இந்த வெட்கம்தான். அடிக்க வேண்டாம், உதைக்க வேண்டாம். நாலு பேர் முன்னால் நிறுத்தினால் போதும், தாலிக்கொடியை அடகு வைத்தாவது கொண்டுவந்து கொடுப்பார்கள்.

வாங்கிய கடனைத் திருப்பிக் கட்டத்தான் வேண்டும். அதில் இந்தப் பக்கத்துக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் கடனை வசூலிக்கும் உரிமைக்குள் உங்களை அவமானப்படுத்தும் உரிமை அடங்காது.

ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் வெளியிட்ட நுண்கடன் விதிகள் இதை ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கின்றன. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் கடனாளியைக் கூப்பிட்டுத் தொல்லை செய்யக் கூடாது. தகாத வார்த்தை, மிரட்டல், ஓயாத போன் எதுவும் கூடாது. உறவினரையோ உடன் வேலை பார்ப்பவரையோ தொந்தரவு செய்யக் கூடாது. கட்டாதவர் பெயரை ஊரறியப் போடக் கூடாது. இருதரப்பும் பேசி முடிவு செய்த இடத்தில்தான் வசூல் நடக்க வேண்டும். அடுத்தடுத்து இரண்டு முறையோ அதற்கு மேலோ அங்கே வராமல் இருந்தால் மட்டுமே வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ வரலாம். வசூல் ஏஜென்ட் அடையாள அட்டையும் அங்கீகாரக் கடிதமும் வைத்திருக்க வேண்டும். கேட்டுப் பாருங்கள்.

அதே விதிகளில் இன்னொன்றும் இருக்கிறது. ஒரு குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. இதைப் பார்த்துத்தான் கடன் கொடுக்க வேண்டும். ஏற்கெனவே நாலு இடத்தில் தவணை கட்டுபவரிடம் ஐந்தாவதாக ஒரு லோனைத் தள்ளிவிட்டவருக்கும் பொறுப்பு உண்டு.

தமிழ்நாடு அரசும் 2025-ல் கட்டாயக் கடன் வசூலுக்கு எதிராகத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. ஏப்ரலில் சட்டமன்றத்தில் நிறைவேறி, ஜூனில் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டப்படி, மிரட்டி வசூலிப்பவருக்கு 3 ஆண்டு வரை சிறையோ 5 லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டலுக்கு எதிராக 2003-லேயே சட்டம் இருக்கிறது. இருந்தும் 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலக வாசலில், கந்துவட்டிக் கொடுமை தாளாமல் ஒரு கூலித் தொழிலாளியின் குடும்பம் இரண்டு பெண் குழந்தைகளோடு தீக்கு இரையானது. மனு மேல் மனு கொடுத்துப் பார்த்த குடும்பம் அது. சட்டம் இருந்தால் மட்டும் போதாது. அதைப் பயன்படுத்த மக்களுக்குத் தெரிய வேண்டும், கேட்டு நடக்க அதிகாரிகளுக்கு மனம் வேண்டும்.

"மிஷினைத் தூக்கிட்டுப் போயிருவோம், சம்பளத்தைப் பிடிச்சிருவோம்" என்ற மிரட்டலைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோர்ட் உத்தரவு இல்லாமல் உங்கள் வீட்டுப் பொருளில் யாரும் கை வைக்க முடியாது. கோர்ட் தீர்ப்பே வந்தாலும், சமையல் பாத்திரம், உடுதுணி, படுக்கை, தாலி, கைத்தொழிலாளியின் கருவிகள், கூலித் தொழிலாளியின் கூலி ஆகியவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்கிறது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு. வாங்கும்போதே கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்த மிஷின் மட்டும் வேறு கணக்கு. தவணை கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம். அதற்காகப் போலீஸ் பிடித்துக்கொண்டு போகாது. ஆனால் கையெழுத்திட்ட வெற்றுச் செக்கை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். செக் திரும்பினால் அது கிரிமினல் வழக்காகும்.

தொல்லை வந்தால் செய்ய வேண்டியவை சில உண்டு. வந்தவர் பெயர், தேதி, நேரத்தை ஒரு நோட்டில் எழுதுங்கள். போனில் பேசியதைப் பதிவு செய்யுங்கள். வேலை குறைந்ததைச் சொல்லித் தவணைக்கு அவகாசம் கேட்டு, தொல்லையையும் குறிப்பிட்டு, நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளுங்கள். 30 நாளில் சரியான பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். செலவில்லை, விவரம் கேட்க 14448. மிரட்டினால் அன்றே போலீசில் புகார் கொடுங்கள். பெண்களுக்கு வருமான வரம்பின்றி இலவச வக்கீல் உண்டு; சட்டப் பணிகள் ஆணைக்குழுவை 15100-ல் கேளுங்கள். ஆப் மூலம் கடன் கொடுத்துவிட்டுப் போட்டோவை மாற்றி அனுப்பி மிரட்டினால் 1930-ல் புகார் சொல்லுங்கள். மனசு உடைந்து போனால், எந்த நேரமும் 14416-ல் ஒருவர் பேசுவார். எந்தக் கடனும் ஓர் உயிருக்கு ஈடாகாது.

கம்பெனி நடத்தும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கேட்டில் வந்து நின்று உங்கள் டெய்லரின் பெயரைச் சொல்லிச் சத்தம் போடுபவரை உள்ளே விடாதீர்கள். அதற்காக அந்தப் பெண்ணை வேலையை விட்டு நிறுத்தியும் விடாதீர்கள்.

குழுவில் இருக்கும் சகோதரிகளுக்கும் ஒன்று. இன்று தவணை தவறியவர் வீட்டு வாசலில் போய் உட்காரச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அவருக்காக நீங்கள் எல்லோரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டு அவகாசம் கேட்கலாம். தனியாக நிற்கும் ஒருத்தியை மிரட்டலாம், பத்துப் பேர் சேர்ந்து எழுதிய கடிதத்துக்கு நிறுவனம் பதில் சொல்லியாக வேண்டும். அந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் எங்களுக்கு எழுதுங்கள், உதவுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்