பட்டப்பெயர் வேண்டாமே!

"சோடாபுட்டி", "கருவாச்சி", "நெட்டக்கொக்கு"ன்னு கூப்பிட்டுட்டு, "சும்மா ஜாலிக்குத்தானே!" என்கிறோம். கூப்பிட்டவன் மணி அடிச்சதும் மறந்துடுவான். கேட்டவருக்கு மறக்காது.

என் அத்தைக்கு வயது 45. ஆறாம் வகுப்பில் "எத்துப்பல்லி" என்றார்களாம். இன்றும் வாயைப் பொத்திக்கிட்டுத்தான் சிரிக்கிறார்.

நம்ம ஊர் புனிதவதியாரை நினைத்துப் பாருங்கள். அவரது பேய் உருவத்தைக் கண்டவர்கள் பயந்து ஓடினார்கள் என்கிறது பெரியபுராணம். சிவபெருமானோ "அம்மையே" என்று அழைத்தார். அதனால்தான் அவர் காரைக்கால் அம்மையார். ஆனி மாத மாங்கனித் திருவிழாவில் ஊரே சொல்வதும் அந்தப் பெயரைத்தான்.

அன்பான சொல் நிலைக்கும். குத்துகிற சொல்லும் நிலைக்கும். நாளை முதல் அட்டெண்டன்ஸில் உள்ள பெயரைச் சொல்லியே கூப்பிடுவோமா?

— பத்தாம் வகுப்பு மாணவி