விமானத்தின் எடையும் முன்யோசனையும்

மட்டாஞ்சேரியின் மிளகுக் கிடங்குகளில் மூட்டையின் எடை கூடினால் அதன் விலையும் கூடும். அதே கொச்சியிலுள்ள கப்பல் கட்டும் தளத்தில் உருவாகி, 2022 செப்டம்பர் 2-ஆம் நாள் கடற்படையிற் சேர்ந்த 'விக்ராந்த்' விமானந்தாங்கிக் கப்பலிலோ நிலைமை நேர்மாறானது. அதன் மேல்தளத்திலிருந்து எழும் போர்விமானத்திற்கு வேண்டாத எடை ஒவ்வொன்றும் நஷ்டமே.

இதன் காரணம் எளிது. கப்பலின் முழு நீளம் 262 மீட்டர். விமானம் ஓடி எழுவதற்கு அதில் ஒரு பகுதியே கிடைக்கும். விமானத்தை உந்தியெறியும் பொறி இக்கப்பலில் இல்லை. முன்புறத்தில் மேனோக்கி வளைந்த தளமும், விமானத்தின் சொந்த உந்துவிசையுமே துணை. விசை மாறாதிருக்க நிறை கூடினால் வேகவளர்ச்சி குறையும் என்பது பள்ளி மாணவரும் அறிந்த நியூட்டன் விதி. எனவே விமானத்தின் சொந்த எடை மிகுந்தால், எரிபொருளையோ ஆயுதங்களையோ குறைத்தாக வேண்டும்.

'தேஜஸ்' விமானத்தின் கடற்படை வகை இதற்குத் தக்க உதாரணம். 2001 ஜனவரி 4-இல் முதன்முதலாகப் பறந்த தேஜஸ், தரைத்தளங்களுக்கென வகுக்கப்பட்டது. கரியிழை சேர்ந்த கலப்புப் பொருள்களை ஏராளமாகக் கையாண்டு அதன் எடையைக் குறைத்தனர். ஆனால் கப்பலில் இறங்கும் விமானம் தளத்தின்மீது பலமாக மோதியே நிற்கிறது. ஆகவே சக்கரத் தாங்கிகளையும் உடற்பகுதியையும் வலுப்படுத்தவும், தடுப்புக் கம்பியைப் பற்றும் கொக்கியைப் பொருத்தவும் நேர்ந்தது. எஞ்சின் ஒன்றே, எடையோ கூடிற்று. இவ்விமானம் எடை மிகுதியால் கப்பலுக்கு ஏற்றதன்று எனக் கடற்படைத் தலைமைத் தளபதி 2016 டிசம்பரில் அறிவித்தார்.

இது கொண்டு முயற்சி முழுவதும் வீண் எனக் கூறுதல் நியாயமன்று. அவ்விமானம் 2020 ஜனவரி 11-இல் 'விக்ரமாதித்யா'விலும், 2023 பிப்ரவரி 6-இல் 'விக்ராந்தி'லும் வெற்றியுடன் இறங்கியது. கப்பலில் விமானம் இறக்கும் கலையை நம் பொறியியலார் இதனால் கற்றனர். எனினும் கப்பலின் தேவையை நிறைவேற்ற, 2025 ஏப்ரலில் பிரான்ஸிடமிருந்து 26 'ரஃபேல்' கடற்படை விமானங்களை வாங்க ஒப்பந்தம் செய்ய வேண்டியதாயிற்று.

தரைக்கென வகுத்ததைப் பின்னர்க் கடலுக்கென மாற்றினால், சேர்க்கும் வலிமையெல்லாம் சுமையாகவே வந்து சேரும். கப்பலுக்கென்றே வகுக்கப்பட்டு வரும் இரட்டை எஞ்சின் விமானத்தில் இத்தவறு நிகழலாகாது. முதல் வரைபடத்திலேயே ஒவ்வோர் உறுப்புக்கும் எடை வரம்பு விதித்தல் வேண்டும். புதிதாக ஒன்றைச் சேர்க்கக் கோருவோர், அதற்கீடாக எதனைக் குறைக்கலாம் என்பதையும் கூறுதல் வேண்டும். விமானம் உருவான பின்னர் எடையைக் குறைப்பது அரிது. காகிதத்தில் குறைப்பது எளிது.