அனுப்பிய மெயிலுக்கு நகல் எங்கே?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கி, அதிலேயே சிறு தொழிலும் நடத்துபவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். “சென்ட் போல்டரில் இருக்கிறதே” என்பார்கள். வந்த மெயிலைப் பத்திரப்படுத்தும் நாம், அனுப்பியதைப் பெரிதாக நினைப்பதில்லை. ஆனால், விலையும் தேதியும் சொல்லி நாம் கொடுத்த வாக்கு, அனுப்பிய மெயிலில்தான் இருக்கிறது.

மாமல்லபுரத்தில் ஒரு சிற்பக்கூடம் என்று வைத்துக் கொள்வோம். வெளிநாட்டிலிருந்து பிள்ளையார் சிலைக்கு ஆர்டர். உயரம் ஆறடியா, பீடத்தோடு சேர்த்து ஆறடியா? பதில் எழுதிய ஊழியர் வேலையை விட்டுப் போய்விட்டார். போகும்போது போல்டரையும் காலி செய்துவிட்டார். செதுக்கிய கல்லை மீண்டும் வளர்க்க முடியாதே! பாப் முறையில் மெயில் எடுப்பவர்களுக்கு இன்னொரு ஆபத்து: அனுப்பிய மெயில் பெரும்பாலும் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டுமே இருக்கும். ஹார்ட் டிஸ்க் போனால் அதுவும் போச்சு.

எனவே, நகலை ஊழியரின் கம்ப்யூட்டரில் எடுக்கக் கூடாது. மெயில் வெளியேறும் சர்வரில் எடுக்க வேண்டும். லினக்ஸ் சர்வரில் இயங்கும் இலவச புரோகிராமான போஸ்ட்பிக்ஸில் இதற்கு ஒரு வரி போதும். “ஆல்வேஸ் பிசிசி” என்ற செட்டிங்ஸில் ஒரு முகவரி கொடுத்தால், வருவது, போவது எல்லாவற்றுக்கும் நகல் அங்கே சேரும். அனுப்புபவற்றுக்கு மட்டும் என்றால் “சென்டர் பிசிசி மேப்ஸ்” இருக்கிறது. அந்த முகவரியின் பாஸ்வேர்ட் முதலாளியிடம் மட்டும் இருக்கட்டும்.

இதற்காக வீட்டு பிராட்பேண்டில் மெயில் சர்வர் வைக்க நினைக்காதீர்கள். ஐ.பி. முகவரி மாறிக்கொண்டே இருக்கும். மெயில் அனுப்பும் 25ஆம் போர்ட்டைப் பல நிறுவனங்கள் அடைத்து வைத்திருக்கும். தப்பிப் போன மெயிலும் ஸ்பாம் போல்டரில் விழும். மெயில் சேவையைக் கட்டணத்துக்கு வாங்குவதே மேல். நம் மாவட்டத்தில் கூடுவாஞ்சேரி அருகே இயங்கும் ஜோஹோவிலும், கூகுளிலும் மெயிலை அழியாமல் வைக்கும் வசதி உண்டு. ஆனால் எல்லாத் திட்டங்களிலும் கிடையாது. பணம் கட்டும் முன் கேட்டுக் கொள்ளுங்கள். ஊழியர் தன் சொந்த ஜிமெயிலில் விலை எழுதினால் எந்த சர்வரும் உதவாது. அதற்குக் கண்டிப்புதான் வழி.

இதை ரகசியமாகச் செய்வதை நான் ஏற்கவில்லை. ருமேனியாவில் ஓர் ஊழியரின் யாகூ மெசஞ்சர் உரையாடலை நிறுவனம் கண்காணித்தது. எந்த அளவுக்குக் கண்காணிப்போம் என்று அவரிடம் முன்கூட்டியே சொல்லவில்லை. 2017ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் ஊழியர் பக்கம் தீர்ப்பளித்தது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது என்றாலும், நியாயம் எங்கும் ஒன்றுதானே? வேலைக்குச் சேரும் அன்றே, “இந்த முகவரியிலிருந்து போகும் ஒவ்வொரு மெயிலுக்கும் நகல் எடுக்கப்படும்” என்று எழுதிக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள்.

வழக்கு என்று வந்தால், மெயிலைப் பிரின்ட் எடுத்து நீட்டினால் மட்டும் போதாது. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவு அதற்குச் சான்றிதழ் கேட்கிறது. யார் யாருக்கு எப்போது அனுப்பினார் என்ற ஹெட்டர் விவரங்களோடு, முழு மெயிலையும் அப்படியே சேமியுங்கள். மாதம் ஒருமுறை வேறொரு ஹார்ட் டிஸ்க்கில் பேக்அப் எடுங்கள். எடுத்த கையோடு ஒரு பழைய மெயிலைத் தேடித் திறந்து பாருங்கள். திறக்காவிட்டால், அன்றே கவனித்துச் சரி செய்து விடலாம்.