மாதிரி ஒன்று, மூட்டை ஒன்று

காசிமேட்டுக்கு விடியற்காலையில் போயிருக்கிறீர்களா? போகாதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். விசைப்படகு வந்து நின்றதும் கூடை கூடையாக மீன் இறங்கும். ஒரு பக்கம் ஏலக் கூச்சல். இன்னொரு பக்கம் சில்லறைக்கு விற்கிற பெண்கள் கூறு கட்டி உட்கார்ந்திருப்பார்கள். எந்தக் கூடையை எட்டிப் பார்த்தாலும் மேலே இருப்பது பளபளவென்று பெரிய சங்கராவாகத்தான் இருக்கும். கடவுள் அடியில் பொடியாகவும் மேலே பெரிசாகவும்தான் மீனைப் படைக்கிறாரோ என்று சின்ன வயதில் எனக்குச் சந்தேகம்.

என் அம்மா பேரம் பேசுவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்வார். கூடைக்குள் முழங்கை வரை கையை விட்டு, அடியிலிருந்து நாலு மீனை எடுத்து மேலே போடுவார். "இதுக்கும் சேத்துதானே விலை சொன்னே?" விற்கிற அம்மாவும் கோபிக்க மாட்டார். "பாத்து எடுத்துக்கோம்மா, நானா வேணாங்கறேன்" என்று சிரிப்பார். அதன் பிறகுதான் பேரமே ஆரம்பிக்கும்.

சினிமா டிக்கெட் எடுக்கும்போது கூடைக்குள் கைவிட முடியவில்லையே என்பதுதான் இந்த வாரம் என் புலம்பல்.

கொஞ்ச நாள் முன்னால் ஒரு படத்துக்குக் குடும்பத்தோடு போனேன். படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. அதற்கு இலவச விளம்பரம் வேறு நான் தர வேண்டுமா? இரண்டு நிமிஷம் சொச்சம் ஓடுகிற அதன் ட்ரெய்லரை என் பையன் இருபது தடவையாவது பார்த்திருப்பான். அதில் காமெடி நடிகர் ஒருவர் போலீஸ்காரரிடம் ஒரு வசனம் பேசுவார். எங்கள் தெருவில் டீக்கடை, சலூன், டியூஷன் சென்டர் எல்லா இடத்திலும் அந்த வசனம்தான். திருவொற்றியூரிலிருந்து ஆட்டோ பிடித்து, நாலு டிக்கெட், இரண்டு பாப்கார்ன் என்று ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு மேல் அழுதுவிட்டு உட்கார்ந்தோம். இடைவேளையில் பையன் கேட்டான்: "அப்பா, அந்த சீன் எப்போ வரும்?" வரும்டா என்றேன். கிளைமாக்ஸ் வந்தது. கடைசியில் பெயர்ப் பட்டியல் ஓடியது. துடைப்பத்தோடு ஆள்கூட வந்துவிட்டார். அந்த சீன் வரவேயில்லை.

இது ஒரு பெரிய விஷயமா என்று நீங்கள் கேட்கலாம். நாட்டில் எத்தனையோ பிரச்னை இருக்கிறது, உண்மைதான். ஆனால் கத்தரிக்காய் கடைக்காரர் ஒரு சொத்தையைத் தள்ளிவிட்டால் திரும்பிப் போய்ச் சண்டை போடுகிற நாம், ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்குச் சொத்தை விழுந்தால் மட்டும் "சினிமான்னா அப்படித்தான்" என்று தட்டிவிட்டுக்கொண்டு வருவது ஏன்?

முன்பெல்லாம் இப்படி இல்லை என்று சொல்ல மாட்டேன். 1967-ல் திறந்து 2020-ல் மூடிய தண்டையார்பேட்டை அகஸ்தியாவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஸ்டில் ஒட்டி வைத்திருப்பார்கள். அதில் இருக்கும் ஸ்டில் ஒன்றிரண்டு படத்தில் வராது. வெளியே வந்து வாட்ச்மேனிடம் தகராறு செய்கிற ரசிகர்களை நானே பார்த்திருக்கிறேன். அதற்கும் முன்னால் பாட்டுப் புத்தகம். கதைச் சுருக்கத்தை அழகாகச் சொல்லிக்கொண்டே வந்து, கதாநாயகி கிணற்றங்கரையில் நிற்கும்போது நிறுத்தி, மீதியை வெள்ளித்திரையில் காண்க என்று போட்டுவிடுவார்கள். ஆனால் அதில் ஒரு நேர்மை இருந்தது பாருங்கள். அச்சில் வந்த பாட்டு படத்தில் இருக்கும். கிணறும் இருக்கும். ட்ரெய்லர் என்ற பெயரே படம் முடிந்த பிறகு வால் மாதிரி பின்னால் ஒட்டிக்கொண்டு வந்ததால் ஏற்பட்டதுதான். இப்போது வால்தான் நாயை ஆட்டுகிறது!

நான் பி.காம். படித்தவன். மெர்க்கன்டைல் லா பேப்பரில் முட்டி மோதிப் பாஸானவன். மற்றதெல்லாம் மறந்துவிட்டது, இரண்டு விஷயம் மட்டும் மண்டையில் நிற்கிறது. ஒன்று, 1892-ல் லண்டனில் தீர்ப்பான கார்பாலிக் ஸ்மோக் பால் வழக்கு. எங்கள் மருந்து உருண்டையைச் சொன்னபடி உபயோகித்தும் ஃப்ளூ வந்தால் 100 பவுண்டு தருகிறோம் என்று விளம்பரம் செய்தது ஒரு கம்பெனி. ஒரு பெண்மணிக்கு ஃப்ளூ வந்தது. பணத்தைக் கேட்டார். "அது சும்மா விளம்பரம்" என்றது கம்பெனி. கொடு பணத்தை என்றது கோர்ட். இன்னொன்று, நம் ஊர் சரக்கு விற்பனைச் சட்டம், 1930. அதன் 17-ஆம் பிரிவு, மாதிரி காட்டி விற்றால் மொத்தச் சரக்கும் அந்த மாதிரியின் தரத்தோடு ஒத்துப்போக வேண்டும் என்கிறது. துறைமுகத்தை ஒட்டி வளர்ந்தவனுக்கு இதைப் பாடமாக நடத்த வேண்டியதில்லை. மண்டிக்காரர் மூட்டையில் குத்தூசியைச் செருகி உள்ளங்கையில் அரிசியைக் கொட்டிப் பார்ப்பதும் இதே 17-ஆம் பிரிவுதான்.

ட்ரெய்லர் மாதிரி இல்லையென்றால் வேறு என்ன?

இந்தக் கேள்வியை எனக்கு முன்பே ஒருவர் கோர்ட்டில் கேட்டுவிட்டார். மகாராஷ்டிரத்தில் அவுரங்காபாத்தைச் சேர்ந்த ஓர் ஆசிரியை. 2016-ல் ஷாருக்கான் நடித்த 'ஃபேன்' வந்ததே, அதன் விளம்பரங்களில் 'ஜப்ரா ஃபேன்' பாட்டைப் போட்டுத் தாக்கினார்கள். ஆசிரியை பாட்டுக்காகவே பிள்ளைகளோடு போனார். படத்தில் பாட்டே இல்லை. மாவட்ட நுகர்வோர் மன்றம் கையை விரித்தது. மாநில ஆணையம் 10,000 ரூபாய் நஷ்டஈடும் 5,000 ரூபாய் செலவுத் தொகையும் கொடுக்கச் சொன்னது. 2020-ல் தேசிய ஆணையமும் அதை ஆமோதித்தது. 15,000 ரூபாயைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். தயாரிப்பாளரான யஷ் ராஜ் ஃபிலிம்ஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனது. 2024 ஏப்ரல் 22 அன்று நீதிபதிகள் பி.எஸ்.நரசிம்மா, அரவிந்த் குமார் தீர்ப்பு சொன்னார்கள். ட்ரெய்லர் என்பது ஒருதலைப்பட்சமான விளம்பரம், அது ஒப்பந்தத்துக்கான முன்மொழிவு ஆகாது, பாட்டு இல்லாதது சேவைக் குறைபாடும் ஆகாது, நியாயமற்ற வணிக முறையும் ஆகாது என்று கீழே கொடுத்த தீர்ப்புகளைத் தள்ளிவிட்டார்கள்.

ஒப்பந்தம் இல்லை என்பது சரி. அந்த பேப்பரில் நான் எடுத்த மார்க்கை வைத்துக்கொண்டு உச்ச நீதிமன்றத்தோடு சட்டம் பேச மாட்டேன். ஆனால் சட்டப்படி ஒப்பந்தம் இல்லாததெல்லாம் யோக்கியமானது ஆகிவிடுமா? 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, ஏமாற்று விளம்பரத்துக்கு 10 லட்ச ரூபாய் வரை அபராதம் போட ஓர் ஆணையம் இருக்கிறது. எந்த வகுப்புக்கு வந்தார்கள் என்பதை மறைத்து, வெற்றி பெற்ற மாணவர்களின் போட்டோவைப் போட்டு "எங்கள் மாணவர்" என்று பீற்றிக்கொண்ட ஐ.ஏ.எஸ். கோச்சிங் சென்டர்களுக்கு அந்த ஆணையம் அபராதம் போட்டிருக்கிறது. படத்தில் இல்லாத சீனைப் போட்டு "எங்கள் படம்" என்று சொன்னால் மட்டும் அது கலையா?

அமெரிக்காவிலும் இதே கூத்து நடந்தது. 2019-ல் வந்த 'யெஸ்டர்டே' படத்தின் ட்ரெய்லரில் அனா டி அர்மாஸ் என்ற நடிகை வருவார். படத்தில் அவர் இல்லை, வெட்டிவிட்டார்கள். ஆளுக்கு 3.99 டாலர் கொடுத்து வாடகைக்குப் பார்த்த இரண்டு ரசிகர்கள் வழக்குப் போட்டார்கள். ட்ரெய்லரும் கலைப்படைப்புதான், கருத்துச் சுதந்திரம் என்று வாதாடியது ஸ்டுடியோ. இல்லை, அது வியாபாரப் பேச்சு என்று 2022 டிசம்பரில் நீதிபதி சொன்னார். பிறகு வேறு காரணத்தால் வழக்கு தள்ளுபடியாகிவிட்டது. ஆனாலும் அந்த ஒரு வார்த்தையை அவர் சொன்னாரே, அதற்கு நான் ஒரு கும்பிடு போடுகிறேன்.

சினிமா நண்பர்கள் என்னிடம் சொல்கிற சமாதானம் இது: "சார், ட்ரெய்லர் கட் பண்ணும்போது படத்தோட ஃபைனல் எடிட்டே முடிஞ்சிருக்காது. நல்லா இருந்த சீன்கூட நீளம் கருதிப் போயிடும்." ஒப்புக்கொள்கிறேன். பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் கத்தரிக்கோலை எடுப்பதில்லை. அப்படியானால் அதைச் சொல்லிவிட்டுப் போங்களேன்! ஒருத்தர் திரையில் பீடி பற்ற வைத்தாலே மூலையில் எச்சரிக்கை வருகிறது. "இதில் உள்ள சில காட்சிகள் படத்தில் இடம்பெறாமல் போகலாம்" என்று ஒரு வரி போடுவதில் யாருடைய கலை கெட்டுவிடும்? தியேட்டரில் ஓட்டுகிற ட்ரெய்லருக்குத் தணிக்கைச் சான்றிதழ் வாங்கத்தான் செய்கிறார்கள். ரத்தம் எவ்வளவு, சதை எவ்வளவு என்று பார்க்கிற தணிக்கை, இந்த சீன் படத்தில் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. யூ டியூபில் விடுகிற ட்ரெய்லருக்கு அந்தச் சான்றிதழும் தேவையில்லை.

இதுவரை சொன்னது என் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க் கணக்கு. இனிமேல் சொல்லப் போவதுதான் என் வயிற்றெரிச்சல்.

படத்தில் இல்லாததை ட்ரெய்லர் காட்டினால் காசு போகிறது. படத்தில் இருப்பதை ட்ரெய்லர் மறைத்தால்? எங்கள் வடசென்னையைக் கேளுங்கள். 2014-ல் ரஞ்சித்தின் 'மெட்ராஸ்', 2018-ல் வெற்றிமாறனின் 'வட சென்னை', 2021-ல் மறுபடி ரஞ்சித்தின் 'சார்பட்டா பரம்பரை'. மூன்றும் நல்ல படங்கள். 'மெட்ராஸ்' ஒரு சுவர் யாருக்குச் சொந்தம் என்பதைப் பற்றியது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதில் போய் முடியும். 'வட சென்னை'யில் கேரம் ஆடுகிற பையன், குடிசைகளைக் காலி பண்ண வருகிறவர்களை எதிர்த்து நிற்கிறான். 'சார்பட்டா'வில் துறைமுகக் கூலி ஒருவன் பாக்ஸிங் மேடை ஏறுகிறான். படத்தைப் பார்த்தவர்கள் என்னிடம் நிலத்தைப் பற்றிப் பேசினார்கள், குருவைப் பற்றிப் பேசினார்கள். இந்த மாதிரி படங்களின் டீசரையும் ட்ரெய்லரையும் மட்டும் பார்த்த மாம்பலம், அண்ணாநகர் நண்பர்கள் என்ன கேட்டார்கள் தெரியுமா? "உங்க ஏரியாவுல நிஜமாவே அவ்ளோ வெட்டுக்குத்தா?" இரண்டரை மணி நேரப் படத்தில் கத்திக்கு ஒரு காரணம் இருக்கும். இரண்டு நிமிஷத்தில் கத்தி மட்டும்தான் இருக்கும். படத்தைச் சில லட்சம் பேர் பார்த்தால் ட்ரெய்லரைக் கோடிப் பேர் பார்க்கிறார்கள். கோடிப் பேருக்கு நாங்கள் ட்ரெய்லர்தான்.

எங்கள் பக்கத்து வீட்டுப் பையன், அவனும் பி.காம்., ஓ.எம்.ஆரில் ஓர் இன்டர்வியூவுக்குப் போனான். முகவரியைப் பார்த்ததும் எதிரே இருந்தவர் சிரித்துக்கொண்டே, "கத்தி எதுவும் எடுத்துட்டு வரலியே?" என்றாராம். ஜோக்காம். பையனும் சிரித்தானாம். வேலை கிடைக்கவில்லை. அதனால்தான் கிடைக்கவில்லை என்று நான் சொல்ல முடியாது. ஆனால் வீட்டுக்கு வந்து பயோடேட்டாவில் பெரம்பூரில் இருக்கிற அத்தை வீட்டு முகவரியைப் போட்டுக்கொண்டான்.

எண்ணூரையும் சினிமாக்காரர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். புகைபோக்கி, சாம்பல், சிவந்த சூரியன். வில்லன் அறிமுகத்துக்கு ஒரு செகண்ட் போதும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் படர்ந்தது. மீனவர்களின் படகு, வலை, வீட்டுச் சுவர் எல்லாம் கறுப்பு. அந்த மாதம் முடிவதற்குள், 26-ஆம் தேதி நள்ளிரவில், கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து, பெரியகுப்பத்திலும் சின்னகுப்பத்திலும் தூங்கிக்கொண்டிருந்த ஜனங்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு மூச்சு முட்டத் தெருவில் ஓடினார்கள். இவ்வளவுக்கும் பிறகு அந்தப் புகை எந்த ட்ரெய்லரில் வந்தாலும் அது தாதாவின் பேட்டை என்பதற்கு அடையாளம், அவ்வளவுதான். அந்தப் புகையை மூச்சில் இழுக்கிறவன் யார் என்று படமாவது சில சமயம் சொல்கிறது. ட்ரெய்லர் சொன்னதேயில்லை.

கத்தியே காட்டாதே என்று நான் சொல்லவில்லை. எங்கள் பக்கம் கத்தி இருக்கிறது, இல்லை என்று சத்தியம் பண்ணவும் நான் தயாரில்லை. ஒரு கத்திக்கு ஒரு கேரம் போர்டு காட்டுங்கள் என்கிறேன். காட்டுகிற சீன் படத்தில் இருக்கட்டும், இல்லாவிட்டால் இல்லை என்று எழுதிப் போடுங்கள் என்கிறேன். இந்த இரண்டில் முதலாவதை எந்தச் சட்டத்தாலும் கொண்டுவர முடியாது, இயக்குநர்களின் மனசுதான் வேண்டும். இரண்டாவதற்கு ஒரு சுற்றறிக்கை போதும். மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, என் நாலு டிக்கெட்டின் ஜெராக்ஸையும் இணைத்து தபாலில் அனுப்பியிருக்கிறேன். உங்களிடமும் அப்படி ஏமாந்த டிக்கெட் இருந்தால் எந்தப் படம், எந்த சீன் என்று எழுதி எனக்கு அனுப்புங்கள். பதில் வந்தால் இதே பக்கத்தில் சொல்கிறேன்.