பிளக் பொருந்தினால் போதுமா?

போனமுறை யாழ்ப்பாணம் போனபோது, தங்கச்சி தன் ஹெயர் ஸ்ட்ரெயிட்னரை அம்மம்மா வீட்டில் செருகினாள். டொரொண்டோவில் வாங்கிய அடாப்டர் அழகாகப் பொருந்தியது. கொஞ்ச நேரத்தில் புகை. கனடாவில் 120 வோல்ட், இலங்கையில் 230. அடாப்டர் மாற்றியது பிளக்கின் வடிவத்தை மட்டும்தான்.

என் வேலையும் அடாப்டர் எழுதுவதுதான். இரண்டு நிறுவனங்கள் தனித்தனியே செய்த மென்பொருள்களைக் கதைக்க வைக்க, நடுவில் ஒரு சின்ன புரோகிராம். சின்ன வயதில் அம்மாவுக்கும் டொக்டருக்கும் நடுவில் இருந்து மொழிபெயர்த்திருப்பீர்களே, அதே வேலை. தெரியாத சொல் வந்தால் என்ன செய்தோம்? ஏதோ ஒன்றைச் சொல்லிச் சமாளித்தோம். (நான் செய்தேன்.) அடாப்டர்களும் அப்படித்தான் சமாளிக்கின்றன. அதுதான் பிழை என்கிறேன்.

ஆஸ்பத்திரிகளில் இன்னும் நிறைய இடங்களில் ஓடும் எச்எல்7 இரண்டாம் பதிப்பில், நோயாளியின் பெயரில் முதலில் குடும்பப் பெயர், பிறகு சொந்தப் பெயர். அப்பாவுக்கு இருப்பது தன் பெயரும் அப்பப்பாவின் பெயரும். எது குடும்பப் பெயர்? கிளினிக்கில் ஒருமாதிரிப் பதிந்திருந்தார்கள், லாபில் மாறிப் பதிந்திருந்தார்கள். நடுவில் இருந்த அடாப்டர் யாரையும் கேட்காமல் புதிதாக ஒரு நோயாளியை உருவாக்கிவிட்டது. இரத்தப் பரிசோதனை முடிவு அந்த இல்லாத மனிதருக்குப் போனது. டொக்டர் மூன்று கிழமை "இன்னும் வரவில்லை" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சீனி எக்கச்சக்கமாக ஏறியிருந்தது.

பின்னால் வந்த எஃப்எச்ஐஆர் தரத்தில் பெயரைப் பிரிக்காமல் முழுதாக எழுத இடம் இருக்கிறது. நல்லது. ஆனால் நடுவில் இருப்பது பிரித்துத்தான் அனுப்புவேன் என்றால் அதனால் என்ன பயன்?

எல்லாவற்றுக்கும் நின்று கேட்டால் வேலை நடக்காது என்பார் என் மேனேஜர். அது நியாயம்தான். ஆனால் பெயர், அளவின் அலகு, திகதி இந்த மூன்றிலும் ஊகிக்கக் கூடாது. 03/04 மார்ச்சா ஏப்ரலா? சந்தேகமென்றால் நிறுத்தி ஒரு மனிதரிடம் காட்ட வேண்டும்.

அப்பாவின் விஷயத்துக்குப் பிறகு என் பழைய கோடைத் திறந்து பார்த்தேன். "குடும்பப் பெயர் இல்லையென்றால் சொந்தப் பெயரையே போடு" என்று ஒரு வரி. நான் எழுதியதுதான். அதை எடுத்துவிட்டேன். முதல் நாளே பதினொரு பெயர்கள் நின்றுபோயின. மேனேஜர் இன்னும் முறைத்துக்கொண்டுதான் இருக்கிறார்.