கூழுக்கு நாணம் ஏன்?



பொழுது புலருமுன் எழுந்து, வீட்டு வேலைகளை முடித்து, ஆலை வண்டிக்காகச் சாலையோரம் காத்து நிற்கும் அன்னையரைத் தாயில்பட்டியிலும் அதனைச் சூழ்ந்த பட்டாசு, தீப்பெட்டி ஊர்களிலும் நாள்தோறும் காண்கிறோம். நண்பகல் உணவு தூக்குவாளியில் இருக்கிறது. காலை உணவு? பலருக்கு ஒரு குவளைத் தேநீருடன் சரி. தொடக்கப் பள்ளிச் சிறார்க்கெனத் தமிழக அரசு 2022இல் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கியது. அச்சிறாரைப் பெற்றவர்களின் வயிற்றுக்கு வழி யாது?

வழி நம் கரிசல் மண்ணிலேயே உண்டு, அதுவே கம்மங்கூழ். இரவில் சமைத்தால் விடியலில் அடுப்பு மூட்ட வேண்டியதில்லை. தீட்டிய அரிசியைவிடக் கம்பில் இரும்புச்சத்தும் நார்ச்சத்தும் மிகுதி. ஆயினும், 'கூழ் குடிப்பவர்கள்' என்று பிறர் இகழ்வரோ என்னும் நாணத்தால் நம்மில் பலர் அதனைக் கைவிட்டோம்.

ஜப்பானியரைப் பாருங்கள். அவித்த சோயா மொச்சையுடன் உப்பையும், பூஞ்சைக் காளான் வளர்த்த அரிசியையும் கலந்து, பல மாதம் புளிக்கவைத்து 'மிசோ' என்னும் விழுதைச் செய்கின்றனர். கடற்பாசியும் நம் மாசிக் கருவாட்டை ஒத்த சூரைமீன் வற்றலும் இட்ட சாற்றில் அதனைக் கரைத்துக் காலையில் பருகுகின்றனர். விழுதை இட்டபின் சாற்றைக் கொதிக்கவிடுவதில்லை. கொதித்தால் மணம் கெடும், நுண்ணுயிர்களும் மடியும். எளியோரும் செல்வரும் ஒருங்கே அருந்தும் பானம் அது. ஜப்பானியரின் உணவு மரபை யுனெஸ்கோ 2013இல் மானுடப் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. புளிக்கவைத்த உணவு அவர்களுக்குப் பெருமை. நமக்கு மட்டும் இழிவாவது எங்ஙனம்?

இனிச் செய்முறையைக் கூறுவோம். கம்பின்மேல் நீர் தெளித்துச் சற்று ஊறியதும் உரலில் இடித்து, உமியைப் புடைத்து நீக்குக. பின்னர்க் குருணையாக நொறுக்குக. கம்பு மாவு விரைவில் காறிக் கசக்குமாதலால், அவ்வப்போது வேண்டிய அளவே இடிப்பது நன்று. ஒரு படி குருணைக்கு நான்கு படி நீரைக் கொதிக்கவைத்து, உப்பிட்டு, குருணையைத் தூவித் துடுப்பால் கிண்டுக. சிறுதீயில் அரைமணி நேரம் வெந்து, ஈரக்கையால் தொட்டால் ஒட்டாத பதம் வரவேண்டும். ஆறியபின் உருண்டைகளாக்கி, காய்ச்சி ஆறவைத்த நீரில் மூழ்க இட்டு மூடுக. இரவு முழுதும் நுண்ணுயிர்கள் பெருகி இதமான புளிப்பைத் தரும். காலையில் இரண்டு உருண்டைகளை மோரில் கரைத்து, சின்ன வெங்காயமோ மோர்மிளகாயோ கடித்துக் குடிக்கலாம். எஞ்சிய நீச்சுத்தண்ணீரும் தாகம் தீர்க்கும். மிசோவைப் போன்றே இதனையும் கரைத்தபின் சூடாக்கலாகாது.

மூன்று எச்சரிக்கைகள். பட்டாசு மருந்து படிந்த கைகளைச் சோப்பிட்டு நன்கு கழுவாமல் உருண்டை பிடிக்கலாகாது. புளிப்பு அலுமினியத்தை அரிக்குமாதலால் மண்பானையோ எவர்சில்வர் பாத்திரமோ கொள்க. புளிப்பு மணம் இயல்பே. துர்நாற்றம் வீசினால் தயங்காது கொட்டிவிடுக.

கணவன்மாருக்கும் ஒரு சொல். அரைமணி நேரம் துடுப்புப் பிடிப்பது ஆண்மைக்கு இழுக்கன்று. நாள் முழுதும் ஆலையில் குனிந்து உழைத்தவளை இரவிலும் தனியே கிண்டவிட்டுவிட்டு, 'கூழ் ஆயிற்றா?' என்று கேட்பதுதான் இழுக்கு. விருந்தினர் வரும் நாளிலும் அக்கூழ்ப் பானையை அடுக்களையின் மூலையில் மறைத்து வைக்க வேண்டாம். அவர்களுக்கும் ஒரு செம்பு கொடுங்கள். பெரியோர் நாணாது பருகினால் பிள்ளைகளும் நாணார்.